பத்தடி வழி

ஆலங்கோட்டகம்,
மார்கழிக் கடைசி வாரம்.

அன்புத் தம்பி பிரபுவுக்கு அக்கா தையல்நாயகி எழுதுவது.

நலம் விசாரிக்கிற வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லாவிட்டால் கை வேறு எதையாவது எழுதிக்கொண்டே போய்விடும். ரோஹிணியின் கையை வெட்டியது ராஜராஜன் இல்லை. நான்தான். நம் வயலில், நம் வீட்டு மண்வெட்டியால், உன் பெண்டாட்டியின் வலது கையை வெட்டியவள் உன் அக்கா.

திருச்சி ஜெயிலில் இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வார்டர் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். நாளைக்கு ஸ்டேஷனில் நானே சொல்லப்போகிறதுதான்.

போன செவ்வாய்க்கிழமை அரசப்பன் உன்னை மனுப்போட்டுப் பார்த்துவிட்டு வந்தான். பொங்கலுக்கு முன்னால் உனக்கு விடுதலை என்றான். நீ சொல்லி அனுப்பினதையும் சொன்னான். "ஒரு கையை எடுத்ததுக்கு அஞ்சு வருஷம் போச்சு. எம் பொண்டாட்டி மேல கை வச்சவனோட மிச்சத்தையும் எடுத்துட்டு நிம்மதியா உள்ள வந்து உக்காந்துக்குறேன்னு அக்காகிட்ட சொல்லு" என்றாயாம். சொல்லும்போது அரசப்பன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினவன் மாதிரி இருந்தான். நம் அம்மாவின் தங்கை மகன்தான். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ராஜராஜனுக்கு ஜாமீன் மனு போட்டிருக்கிறார்கள். அவனும் பொங்கலுக்குள் வந்துவிடுவான், நீயும் வந்துவிடுவாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பழைய கதையை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் ஐந்து வருஷமாகச் சுவரைப் பார்த்து நினைத்துக்கொண்டிருந்தால் கதையில் நம் பக்கம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதனால் சொல்கிறேன். அப்போது ரோடு மேற்கே, வாய்க்கால் ஓரமாகத்தான் இருந்தது. ரோட்டை ஒட்டிக் குஞ்சிதபாதம் சித்தப்பா வயல், அதற்குப் பின்னால் நம் வயல். அவர் அறுத்தால்தான் நம் வயலுக்குள் அறுப்பு மெஷின் வர வழி. எல்லோரும் ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு நாற்று விட்ட காலத்தில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. முன்னால் இருப்பவன் இன்றைக்கு அறுத்தால் பின்னால் இருப்பவன் நாளைக்கு அறுப்பான். இப்போது டிராக்டர் இருப்பவன் ஆவணியிலேயே புழுதியில் விதைத்துவிடுகிறான். இல்லாதவன் புரட்டாசிக் கடைசியில் நடுகிறான். ஒருத்தன் வயலில் நாலரை மாசத்து நெல், பக்கத்து வயலில் ஐந்தரை மாசத்து நெல். வரப்பில் நின்று "என்ன ரகம் போடுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். கேட்க மாட்டோம். கேட்டால் மீசை இறங்கிவிடும்.

அந்த வருஷம் நம் நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. சித்தப்பாவுடையது பால் பிடிக்கிற பருவம். மழை வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் பத்து நாள் பொறு என்றார். நீ பொறுக்கவில்லை. ஆத்தூர் மெஷினை அவர் பச்சைப் பயிருக்குள் இறக்கினாய். அவர் மகன் ராஜராஜன் ஓடிவந்து குறுக்கே நின்றான். நீ மண்வெட்டியோடு குதித்தாய். அவனுடைய இடது கை மணிக்கட்டுக்கு மேலே துண்டாகிச் சேற்றில் விழுந்தது. நம் நெல்லும் வீட்டுக்கு வரவில்லை, அவர்கள் நெல்லும் போகவில்லை, இரண்டும் மழையில் கிடந்து நாறின. அதைச் சொல்லிக்காட்ட நான் எழுதவில்லை. அன்றைக்கு நானும் வரப்பில் நின்று உன்னை ஏவித்தானே விட்டேன்.

இப்போது ஊர் திரும்பிவிட்டது தம்பி. கிழக்கே, நம் வயலை உரசிக்கொண்டு புறவழிச்சாலை வந்துவிட்டது. நீ அங்கேதான் பஸ்ஸை விட்டு இறங்குவாய். வாய்க்காலுக்குக் காங்கிரீட் போடுகிறோம் என்று மேற்கே இருந்த பாலத்தை இடித்தார்கள். இடித்ததோடு சரி, குறுக்கே பனைமரத்தைப் போட்டு ஆள் மட்டும் நடக்கிறோம். மெஷின் ஏற்றி வருகிற லாரியெல்லாம் இனி புது ரோட்டில்தான் நிற்கும். இத்தனை வருஷமாகப் பொந்து மாதிரிக் கிடந்த நம் வயல் இன்றைக்கு முகப்பு. ரோட்டோரமாக இருந்த சித்தப்பா வயல் இன்றைக்குப் பொந்து. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று ரோஹிணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் நாங்கள் இரண்டு பெண்களும் ஆள் கிடைக்காமல் தாமதமாக நட்டோம், அதுவும் நீண்ட நாள் ரகம். அவர்கள் ஆவணியிலேயே விதைத்தது மார்கழி பிறந்ததும் பழுத்துவிட்டது. நம்முடையது பச்சை. புரிகிறதா? அதே கணக்கு, இடம் மட்டும் மாறி வந்து நிற்கிறது.

சித்தப்பா நேரில் வரவில்லை. முத்துப்பேட்டையிலிருந்து மெஷின் பிடித்துக் கொடுக்கிற நெய்னா முகம்மதை அனுப்பினார். அவர் நல்ல மனிதர், உனக்கே தெரியும். வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்று பேசினார். "பத்தடி அகலம் விடுங்கம்மா. வண்டி போயிட்டு வந்துடும். நசுங்குற பயிருக்கு ஈடா அவங்க நெல்லுலேருந்தே அளந்துடுவாங்க, நான் பொறுப்பு. இந்த வண்டியெல்லாம் கர்நாடகாவுல அறுத்துட்டு, ஆந்திராவுல அறுத்துட்டு வருது, ஒரு ஊர்ல ஒரு நாள் தவறுனா அடுத்த ஊருக்கு ஓடிடும். மழையும் வருது" என்றார். எனக்கு மழை வருகிறது என்ற சொல்தான் காதில் விழுந்தது. அது அன்றைக்கு நீ சொன்ன சொல். "எந் தம்பி கேட்டப்ப விட்டாங்களா? பத்தடி என்ன, ஒரு சாண் விட மாட்டேன். மீறி வந்தா இன்னொரு கை போகும்னு போய்ச் சொல்லுங்க பாய்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மெஷினும் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விட்டது.

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு போய் வரப்பில் நின்று அவர்கள் நெல் சாய்வதைப் பார்த்தேன். முதலில் ஓரம் சாய்ந்தது, பிறகு நடுவில் பாய் விரித்தமாதிரி படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்த கதிரில் வெள்ளையாக முளை கிளம்பியது. முளை கண்ட நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் தொட மாட்டார்கள், மாட்டுக்குத்தான் போடவேண்டும். அதையெல்லாம் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பிரபு. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வயிறு குளிர்ந்து வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

மழை விட்ட காலையில் சத்தம் கேட்டது. நெய்னா முகம்மது பாய்க்குத் தெரியாமல் வேறு எங்கேயோ ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் ரோஹிணியும் ஓடிப்போய்ப் பார்த்தால், பெல்ட் வைத்த அறுப்பு வண்டி ரோட்டுச் சரிவில் இறங்கி நம் பயிருக்குள் புகுந்துவிட்டது. அதற்கு முன்னால் ராஜராஜன், வலது கையில் அரிவாளோடு வழி காட்டிக்கொண்டு நடக்கிறான். இடது சட்டைக் கையின் வெற்று நுனி காற்றில் ஆடுகிறது. பால் கதிர் பெல்ட்டில் நசுங்கி வெள்ளையாக வழிந்தது. அந்தப் பச்சை வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

ரோஹிணி, ரோடு போட்டு மிஞ்சிக் கிடந்த ஜல்லியை எடுத்து வீசினாள். கண்ணாடி உடைந்தது. ஓட்டி வந்த பையன் நெற்றியில் ரத்தத்தோடு குதித்து ஓடினான். சித்தப்பா கம்பால் என் முதுகில் அடித்தார். நான் திரும்பி அந்தக் கிழவரை மார்பில் கை வைத்துத் தள்ளினேன், மடையில் மல்லாந்து விழுந்தார். அப்பனைத் தள்ளினதைப் பார்த்ததும் ராஜராஜன் அரிவாளை ஓங்கிக்கொண்டு வந்தான். அது என் தோளில் ஒரு கீறு கீறிவிட்டுப் போனது, கொஞ்சம் உள்ளே வந்திருந்தால் கழுத்துதான். வீசின வேகத்தில் அவனுக்குக் கால் வழுக்கியது. ஊன்றிக்கொள்ள இடது கை இல்லை. முகம் குப்புற நம் சேற்றில் விழுந்தான். அரிவாள் தெறித்துப் போய்விட்டது.

நான் அவன் முதுகில் காலை வைத்து மிதித்தேன். மண்வெட்டி என் கையில் இருந்தது. உன்னுடையதைப் போலீஸ் எடுத்துப்போன பிறகு மன்னார்குடியில் வாங்கினது. அவன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். கண்ணெல்லாம் சேறு. "வெட்டுக்கா. வெட்டிட்டு நீயும் திருச்சிக்கே போ. ஒன் தம்பி தனியாத்தானே இருக்கான்" என்றான். சின்ன வயதில் நம் வீட்டு அடுப்படியில் உன்னோடு உட்கார்ந்து என் கையால் சோறு வாங்கித் தின்ற பயல். அந்தச் சொல்லைக் கேட்டு என் கோபம் அடங்கியது என்று நீ நினைத்துவிடாதே. இன்னும் ஏறியது. தலைக்கு மேல் தூக்கி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இறக்கினேன். நான் நிறுத்தவில்லை தம்பி. நிறுத்தினது ரோஹிணி. அவள் ஓடிவந்து அவன் மேல் விழுந்து கையை நீட்டினாள். மண்வெட்டி அவள் மணிக்கட்டில் இறங்கியது.

பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. நான் மரம் மாதிரி நின்றேன். ராஜராஜன் புரண்டு எழுந்தான். தன் தலைத்துண்டை எடுத்து ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறு முனையை ஒற்றைக் கையால் இழுத்து, அவள் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். எங்கே கட்டவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் கை போன அன்றைக்கு நம்மில் ஒருவருக்கும் கட்டத் தோன்றவில்லை அல்லவா? மெஷின் வந்த லாரியிலேயே அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். மன்னார்குடியில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கை போகவில்லை. ஆனால் கட்டை விரலும் பக்கத்து விரலும் மடங்கவில்லை, மடங்குமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு அரசப்பன் வந்தான். போலீஸும் வந்தது. ராஜராஜன் சட்டை முழுக்க ரோஹிணியின் ரத்தம். "வயல் தகராறுல அவன்தான் வெட்டுனான். முன்பகை" என்று அரசப்பன் அவனாகவே சொன்னான். என்னைப் பார்த்து அதிகாரி கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராஜராஜன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் யார் நம்பப்போகிறார்கள்? அவனை வண்டியில் ஏற்றினார்கள். அப்போதும் எனக்கு உள்ளே ஒரு திருப்தி இருந்தது. நீ உள்ளே இருக்கிறாய், அவனும் போகட்டும், சரியாகப் போயிற்று என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். நம் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தான் ஓடுகிறது.

ரோஹிணி வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் திருப்தி நிலைக்கவில்லை. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். வாயைத் திறக்கிறாள், மெல்லுகிறாள், விழுங்குகிறாள். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்புவதில்லை. அரசப்பன் நீ சொல்லி அனுப்பினதைச் சொல்லிவிட்டுப் போன அன்றைக்குத்தான் பேசினாள். "அண்ணி, அவருக்கு நீங்களே எழுதுங்க. நான் எழுதுனா ஊர்ப் பேச்சுக்குப் பயந்து எழுதுறேன்னு நினைப்பாரு. நான் கையை நீட்டுனது அவனுக்காக இல்ல. இன்னொரு அஞ்சு வருஷம் என்னால தாங்க முடியாது, அதுக்காகத்தான்" என்றாள். அன்றைக்கும் நான் எழுதவில்லை.

மறுநாள் விஜயம் சித்தி வரப்புக்கு வந்தாள். ராஜராஜனைப் பெற்றவள். நான் மடையில் நின்றுகொண்டிருந்தேன். குனிந்து, அழுகின நெல்லோடு ஒரு பிடி மண்ணை வாரி என் வயல் பக்கமாகத் தூற்றினாள். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. என் புடவையிலெல்லாம் விழுந்தது. அதை உதறாமலே வீட்டுக்கு வந்தேன். உனக்கு எழுதுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அரசப்பன் விஷயம் ஒன்றும் சொல்லவேண்டும். புது ரோடு வந்ததிலிருந்து நம் வயலில் பெட்ரோல் பங்க் வைக்க ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். பின்னால் சித்தப்பா வயலும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு இடம் போதுமாம். நீ ராஜராஜனை வெட்டி, இரண்டு வீட்டிலும் கோர்ட்டுக்கு அலைய ஆளில்லாமல் போனால் இரண்டு வயலும் எந்த வழியாகப் போகும் என்று நீயே யோசித்துப் பார். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அவனை நம்பி நீ கத்தியைத் தீட்டாதே.

நேற்று விடிந்ததும் நான் கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினேன். ரோட்டுச் சரிவிலிருந்து சித்தப்பா வரப்பு வரைக்கும் பத்தடி அகலத்துக்கு நம் பச்சைக் கதிரை நானே அறுத்துத் தள்ளினேன். போலீஸ் கேஸ் என்று கூலிக்கு ஒருத்தியும் வரவில்லை. பால் பிடித்த கதிரை அறுப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு ஒடிந்துவிட்டது, அழுதுகொண்டேதான் அறுத்தேன். ரோஹிணி கட்டுப் போட்ட கையோடு வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அறுத்ததை மாட்டுக்குப் போட்டுவிட்டேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். தை பிறக்கும்வரை அவர்கள் வயலில் மேட்டுப் பக்கம் மிச்சம் நிற்கிற நெல் தாங்காது. நெய்னா முகம்மது பாயிடம் சொல்லி அனுப்பினேன், வண்டி தயாராக இருக்கிறது என்கிறார். சித்தப்பாதான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. வீம்பு. அந்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவர்தானே!

நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். வெட்டினது யார் என்று எழுதிக்கொடுப்பேன். ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது ஞாபகம் இல்லை என்றுவிட்ட ரோஹிணியும் உடன் வந்து சொல்வதாக இருக்கிறாள். ராஜராஜன் வெளியே வருவான். என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாது. பெண்களுக்கும் திருச்சியில் ஜெயில் இருக்கிறதாம், அவன் சொன்ன வாய் முகூர்த்தம். அதை நினைத்து நீ கலங்காதே. உன் மச்சான் போன பிறகு எனக்கென்று யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள்?

நீ வருகிற அன்றைக்குப் புது ரோட்டில் இறங்கினால் நம் பயிருக்கு நடுவே வெட்டின இடம் நேராகத் தெரியும். அதன் வழியாகவே இறங்கி நட. ஊரைச் சுற்றிக்கொண்டு வராதே, இருட்டட்டும் என்று காத்திருக்காதே. நம் வயலைத் தாண்டினால் சித்தப்பா வயல். அங்கே ராஜராஜன் நின்றாலும் நிற்பான். அவன் உன்னைப் பார்க்கட்டும், நீயும் அவனைப் பார். பேச வேண்டாம். பேசாமல் பனைமரப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வா.

வெளியூரிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வாசப்படி ஏறக்கூடாது, ஒரு சீப்புப் பழமாவது வேண்டும் என்று அம்மா சொல்வாள். நீ வெறுங்கையோடு வா, தம்பி. நான் இல்லாத வீட்டில் ரோஹிணிக்குச் சோறு பிசைந்து ஊட்ட ஒரு கை வேண்டும்.

நீ நலம்தானே? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
தையல்நாயகி